தெருவில் கூடுவதற்கு யாரைக் கேட்பது?

தமிழ்நாட்டு நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஆண்டு முழுதும் மாறாமல் வரும் செய்தி ஒன்று உண்டு: ‘அனுமதியின்றி ஆர்ப்பாட்டம், இத்தனை பேர் கைது.’ ஊர்ப்பெயரும் எண்ணிக்கையும்தான் மாறும். கைதானவர்களை வேனில் ஏற்றி, அன்றைக்கு முகூர்த்தம் இல்லாமல் காலியாகக் கிடக்கும் திருமண மண்டபம் ஒன்றில் வைப்பார்கள். மதியம் சோற்றுப் பொட்டலம் வரும். மண்டபத்துக்குள்ளேயே இன்னொரு முறை கோஷம் எழும். மாலையில் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். காவலருக்கும் தெரியும், போராடியவருக்கும் தெரியும், இதில் பாதி சடங்கு என்று. மீதிப் பாதிதான் வினை. எழுதிக் கொடுத்த அந்தப் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறி, சில வருடம் கழித்து வளைகுடா வேலைக்காக பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது எதிரே வந்து நிற்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிக் கிடக்கும் தோல் தொழில் வட்டாரத்தில் இந்தச் செய்திக்குப் பஞ்சமே இல்லை. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அனுமதிக் கடிதத்தில் எழுத வேண்டிய முகவரி மாறியதே தவிர நடைமுறை மாறவில்லை. வேலூர் நகரத்தில் ஆர்ப்பாட்டம் என்றால் அண்ணா கலையரங்கம் பக்கம். மற்ற ஊர்களில் தாலுகா அலுவலகம் அல்லது பேருந்து நிலையம். தோல் ஷாப்புக் கழிவு, ஷூ கம்பெனி போனஸ், ஆந்திர எல்லையில் புல்லூர் தடுப்பணையை உயர்த்தியது, குடியுரிமைத் திருத்தச் சட்டம் என்று கோரிக்கைகள் வேறுவேறு. முதலில் போக வேண்டிய இடம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: காவல் நிலையம்.

அங்கே போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய தலைவர்களும் விலக்கல்ல. 2019 ஆகஸ்ட் 5 அன்று வேலூர் மக்களவைத் தொகுதிக்குத் தள்ளிவைக்கப்பட்ட தேர்தல் நடந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு, அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலின் ஆம்பூரில் ஒரு திருமண மண்டபத்தில் இஸ்லாமியப் பெரியவர்களைச் சந்தித்தார். முன் அனுமதி இல்லை என்று அதிகாரிகள் மண்டபத்துக்கே சீல் வைத்தார்கள், வழக்கும் பதிவானது. தேர்தல் நடத்தை விதி வேறு, சாதாரண நாளின் சட்டம் வேறு என்பது சரிதான். ஆனால் அனுமதி என்ற சொல் நான்கு சுவருக்குள்ளும் வந்துவிடும் என்பதை ஊர் அன்றைக்குப் பார்த்தது.

இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? சென்னை மாநகரத்துக்கு 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம், 41-ஆவது பிரிவு இருக்கிறது. மாவட்டங்களில் காவல்துறை பெரும்பாலும் எடுத்துக்காட்டுவது 1861-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம், பிரிவு 30(2). சிப்பாய்க் கலகம் முடிந்த கையோடு எழுதிய சட்டம் அது. கட்டுப்படுத்தாமல் விட்டால் அமைதி குலையும் என்று மாஜிஸ்திரேட் கருதும் கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் உரிமம் கேட்கும்படி காவல்துறை அறிவிப்பு விடலாம் என்கிறது. குறிப்பிட்ட ஒரு கூட்டத்தைப் பற்றி, ஒரு காரணத்தோடு எழ வேண்டிய அறிவிப்பு இது. நடப்பிலோ, மாவட்டம் முழுதுக்கும் ‘30(2) அமலில் உள்ளது’ என்று பதினைந்து நாளைக்கொரு முறை புதுப்பிக்கப்படும் தாளாகிவிட்டது. விதிவிலக்காக இருக்க வேண்டியது அன்றாடமாகி, அன்றாடமாக இருக்க வேண்டிய உரிமை விதிவிலக்காகிவிட்ட கதை இது.

அதற்கும் மேலே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144 இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டத்தில் 163-ஆவது பிரிவு. மக்கள் வாயில் இன்னும் ‘144’தான். அவ்வளவு எளிதில் போகாது.

தெருவில் கூட்டமாகப் போகும் உரிமை தமிழ்நாட்டில் அரசியல் வழியாக நீதிமன்றத்துக்குள் நுழையவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சாமி ஊர்வலம் வழியாகத்தான் நுழைந்தது. சேலத்தில் 1882-இல் கலவரம் நடந்தது. மசூதியைத் தாண்டி மேளத்தோடு ஊர்வலம் போகலாமா என்ற வழக்கில் 1883-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு கூடி, பொதுச் சாலையில் ஊர்வலம் போவது எல்லோருக்கும் உள்ள உரிமை, அது மற்றவர் வழிபாட்டுக்கு இடைஞ்சலாகாமல் பார்த்துக்கொள்வதும் ஒழுங்குபடுத்துவதும் அதிகாரியின் வேலை என்ற திசையில் தீர்ப்புச் சொன்னது. அரசமைப்புச் சட்டம் வருவதற்கு அறுபத்தேழு ஆண்டுகள் முன்னால். தேருக்கும் சந்தனக்கூட்டுக்கும் இன்றுவரை கிடைக்கும் பெருந்தன்மையை ஒரு தொழிற்சங்கப் பேரணியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஊர்வலத்தைப் பற்றிய நம் மனக்கணக்கு அந்த 1883-ஐத் தாண்டி அதிகம் நகரவில்லை என்று தோன்றும்.

உரிமத்தைக் காவல்துறை மட்டும்தான் தருகிறது என்றும் நினைக்க வேண்டாம். வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில் இறந்துபோன தலித் ஒருவரின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக நிலத்தின் வழியே விடவில்லை என்பதால், உறவினர்கள் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காணொளி பரவிய பிறகு உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. ஒரு சவ ஊர்வலம் எந்த வழியில் போகலாம் என்பதற்குச் சாதி போட்டு வைத்திருக்கும் அனுமதி முறைக்கு எந்தச் சட்டப் பிரிவும் தேவைப்படுவதில்லை.

1950-இல் அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்களுக்குக் கொடுத்தது. பொது ஒழுங்குக்காக ‘நியாயமான கட்டுப்பாடு’ விதிக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. 1963-இல் நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு என்ற காரணங்களும் அதில் நுழைந்தன. திராவிட நாடு கோரிக்கைதான் அந்த 16-ஆவது திருத்தத்துக்குத் தூண்டுதல். எது நியாயமான கட்டுப்பாடு என்பதற்கான அளவுகோலும் நம் ஊர் வழக்கிலிருந்தே பிறந்தது. சென்னை வழக்கறிஞர் வி.ஜி. ராவ் தொடர்புடைய மக்கள் கல்விச் சங்கத்தைச் சென்னை அரசு தடை செய்தது. 1952-இல் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தையே செல்லாது என்றது. எந்த உரிமை, எதற்காகக் கட்டுப்பாடு, தடுக்க நினைக்கும் தீமை எவ்வளவு பெரியது, அதற்குப் போட்ட தடை அளவுக்கு மீறியதா என்று பார்க்கச் சொன்ன தீர்ப்பு அது. இன்றுவரை எல்லா நீதிமன்றங்களும் கையில் வைத்திருக்கும் அளவுகோல்.

கூட்டம் பற்றிய நேரடித் தீர்ப்புக்கு அகமதாபாத் போக வேண்டும். அங்கே ஒரு மாணவர் அமைப்பின் பொதுக்கூட்டத்துக்கு 1969-இல் போலீஸ் கமிஷனர் அனுமதி மறுத்தார். ஹிம்மத்லால் ஷா வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை இப்படிச் சுருக்கலாம்: பொதுச் சாலையில் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம்; அதற்காக முன் அனுமதி கேட்கச் சொல்வதும் தவறில்லை. ஆனால் எந்த அடிப்படையில் மறுக்கலாம் என்று எழுதாமல், அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டுவிடும் விதி செல்லாது. தீர்ப்பு வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. ‘சட்டம் ஒழுங்கு பிரச்சினை ஏற்படும் என்பதால் அனுமதி மறுக்கப்படுகிறது’ என்ற ஒற்றை வரிக் கடிதம் இன்னும் தட்டச்சாகிக்கொண்டுதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதைக் கொஞ்சம் நேராக்கியது 2018 செப்டம்பரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஜீவானந்தம் வழக்கின் தீர்ப்பு. கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையம் காவல் நிலையத்தில் தொடங்கிய வழக்கு அது. அதிகாரியின் உத்தரவை மீறினார் என்ற குற்றத்துக்குக் காவல் நிலையமே முதல் தகவல் அறிக்கை போட முடியாது, அந்த அரசு ஊழியர் நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும் என்றார் நீதிபதி. 30(2) என்பது ஒழுங்குபடுத்தக் கிடைத்த அதிகாரம், அமைதியாகக் கூடுவதையே தடுத்துவிடக் கிடைத்த அதிகாரம் அல்ல என்றும் விளக்கினார். அதன்பின் நூற்றுக்கணக்கான வழக்குகள் இந்தத் தீர்ப்பைக் காட்டி ரத்தாகியிருக்கின்றன. ரத்து செய்ய உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும் என்பதுதான் இடர். ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கிற பெண் வேலூரிலிருந்து சென்னைக்கு வக்கீல் பிடித்துப் போவது எப்போது?

தெருவுக்கு வராமல் முறையாக நீதிமன்றம் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த வட்டாரமே சாட்சி. தோல் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனதைத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்றும் அறிவித்தது. இந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். 2001 மார்ச்சில் இழப்பீட்டு ஆணையம் 29,193 பேருக்கு சுமார் 26.82 கோடி ரூபாய் தரச் சொன்னது. 547 தோல் பதனிடும் ஆலைகள் கொடுக்க வேண்டிய தொகை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் உட்கார்ந்து, இன்னும் கொடுக்கப்படாத இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் கொடுங்கள், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போடுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. மனு போட்டு முப்பத்து நான்கு ஆண்டுகள். வழக்கில் ஜெயித்தவர்களின் கதை இது.

இடையில், 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். அப்படி ஒரு காலையில் தொழிலாளர்கள் வாசலில் திரண்டால், ‘ஐந்து நாள் முன்பே ஏன் மனுக் கொடுக்கவில்லை?’ என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறதா?

முன் அனுமதி முறையின் அடிப்படைக் குறை இதுதான். கட்சிக்கு நாட்காட்டி உண்டு. மாநாட்டுத் தேதி, கண்டன நாள், தலைவர் வரும் நேரம் எல்லாம் முன்கூட்டியே தெரியும். தொழிலாளியின் கோபத்துக்கு நாட்காட்டி கிடையாது. காலை ஷிப்டுக்கு வந்தால் கேட்டில் பூட்டு. தீபாவளிக்கு முந்தின வாரம் போனஸ் பாதியாகிவிட்டது என்று நோட்டீஸ் போர்டில் தாள். ஆம்பூர் வட்டாரத்து ஷூ ஆலைகளில் பெரும்பகுதி பெண்கள். ஆலைக்கு வெளியே, வீட்டில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலியில் அப்பர் தைப்பவர்கள் இன்னும் நிறைய. இவர்களுக்கு முதலாளி யார் என்றே நேராகத் தெரியாது, இடையில் வேலை கொண்டுவந்து தரும் ஏஜென்ட் மட்டும்தான். லெட்டர்பேடு இல்லாத கூட்டம் விண்ணப்பத்தில் ‘அமைப்பின் பெயர்’ என்ற கட்டத்தில் என்ன எழுதும்?

இதே மாதிரிப் பெண்கள் இரண்டு இடங்களில் கேட்காமலேயே கூடினார்கள். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்ப் பெண்கள், 20 சதவீத போனஸ் 10 ஆனதும் தொழிற்சங்கங்களையும் ஓரம் கட்டிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாட்கள் மூணாறு முடங்கியது. போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் கேரள அரசியலை உலுக்கியது. 2016 ஏப்ரலில் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்கு மத்திய அரசு போட்ட புதிய கட்டுப்பாட்டை எதிர்த்து ஓசூர் சாலைக்கு வந்தார்கள். தலைவர் கிடையாது, மேடை கிடையாது. இரண்டே நாளில் அரசு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பி.எஃப். பணமே ஒரே சேமிப்பாக இருக்கும் ஆம்பூர்ப் பெண்களுக்கும் அந்த இரண்டு நாளின் பலன் போய்ச் சேர்ந்தது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: அந்தப் பெங்களூருப் போராட்டத்தில் பேருந்துகள் எரிந்தன, ஒரு காவல் நிலையத்திலிருந்த வண்டிகளுக்கும் தீ வைக்கப்பட்டது.

சங்கம் வைத்துப் போராடியவர்களுக்கும் பந்தல் நிலைக்கவில்லை. 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோது, அனுமதியில்லாத பேரணி என்று ஒரு நாள் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் காவல்துறை பிடித்தது. அக்டோபரில் அவர்களின் ஷாமியானாவையே பிரித்துப் போட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி எந்த ஆலையிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேர் ஒரே நாளில் சேர்ந்து விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. ஆலைக்குள் ஒரு அனுமதி, ஆலை வாசலில் இன்னொரு அனுமதி, வாசலிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளி நில் என்று சிவில் நீதிமன்றத் தடையுத்தரவு. மூன்று பூட்டு.

அனுமதி முறைக்கு ஆதரவான வாதம் வலுவில்லாததா? இல்லை. ஆம்பூரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஊரின் குறுக்கே சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை, பக்கத்திலேயே ஜோலார்பேட்டை ரயில் பாதை. அங்கே ஒரு மணி நேரம் மறியல் என்றால் இரண்டு மாநிலங்களுக்கு இடையே லாரி நிற்கும். வேலூர் சி.எம்.சி.க்குப் போகும் ஆம்புலன்ஸும் நிற்கும். 2020 அக்டோபரில் ஷாகீன் பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுவழியைக் காலவரையின்றி ஆக்கிரமிக்க முடியாது, போராட்டம் அதற்கென ஒதுக்கிய இடத்தில் நடக்கட்டும் என்றது இந்தக் கவலையால்தான். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் த.வெ.க. பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தபின், கூட்டத்துக்கு முன்கூட்டியே எதுவும் கேட்கக் கூடாது என்று யாரும் வாதாட முடியாது. தண்ணீர், வெளியேறும் வழி, ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் ஆகியவற்றை யாராவது முன்னால் யோசித்தாக வேண்டும்.

ஆனால் கரூரில் அனுமதி இருந்தது. இடத்தைக் காட்டி, நேரம் குறித்து, நிபந்தனை போட்டுக் கொடுத்த அனுமதி. அனுமதி இருந்தும் உயிர் போயிற்று, திட்டமிடல்தான் இல்லை. அதற்குப் பிறகு உயர் நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் அரசு வகுக்கத் தொடங்கிய வழிகாட்டு நெறிமுறையின் வரைவில், கூட்டத்தின் அளவுக்கேற்ப லட்சக்கணக்கில் முன்வைப்புத்தொகை கேட்கப்பட்டது. பெரிய கட்சிக்கு அது ஒரு வேளைப் பிரியாணிச் செலவு. ஒரு சிறிய சங்கம் என்றைக்காவது பெரிய கூட்டம் திரட்ட நினைத்தால் அந்தத் தொகையிலேயே நின்றுவிடும். அமெரிக்காவில் ஃபோர்சைத் கவுன்ட்டி வழக்கில் 1992-இலேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம், எதிர்ப்பு எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு அதற்கேற்ப அதிகாரி கட்டணம் போடுவது பேச்சுக்கு விலை வைப்பதாகும் என்று தடுத்தது.

ஆம்பூரின் கடினமான பாடம் 2015 ஜூனில் இருக்கிறது. காணாமல் போன ஒரு பெண் பற்றிய விசாரணைக்காகப் பள்ளிகொண்டா காவல்துறையினர் ஆம்பூர் இளைஞர் ஒருவரை அழைத்துச் சென்றார்கள். அடித்துத் துன்புறுத்தினார்கள் என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. அவர் மருத்துவமனையில் இறந்தார். ஜூன் 27 மாலை ஆம்பூரில் நீதி கேட்டுத் திரண்ட கூட்டம் இரவுக்குள் கலவரமாகியது. அரசு பேருந்துகள் உடைந்தன, காவல் வாகனங்கள் எரிந்தன, காவலர்கள் பலர் காயப்பட்டார்கள், நெடுஞ்சாலை நின்றது. அதன்பின் வீடு வீடாகக் கைது. பத்தாண்டுகள் இழுத்த வழக்கில் 2025 ஆகஸ்டில் திருப்பத்தூர் நீதிமன்றம் 22 பேரைக் குற்றவாளிகள் என்றது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரை விடுவித்தது. விடுதலையானவர்கள் பத்தாண்டு வாய்தாவுக்கு அலைந்ததை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

‘அனுமதி இல்லாமல் கூடினால் இப்படித்தான்’ என்று இதைக் காட்டுவது வழக்கம். நிதானமாகப் பார்த்தால் இந்த நிகழ்வு வேறொன்றைச் சொல்கிறது. அன்றைக்கு அனுமதி கேட்டிருந்தால் யாரிடம் கேட்டிருக்க வேண்டும்? குற்றம் சாட்டப்பட்ட அதே துறையிடம். காவல் மரணத்தை எதிர்த்து நடக்கும் எந்தப் போராட்டத்திலும் எதிர்வாதிதான் உரிமம் தருபவர். அதோடு, அனுமதி கேட்டு முன்னால் நிற்பவர் முதல் குற்றவாளியாகிவிடுவார் என்று தெரிந்தால் பொறுப்பான ஆள் எவரும் முன்னால் வரமாட்டார். பொறுப்பாளர் இல்லாத கூட்டத்தை நிறுத்தவும் பேசவும் ஆள் இருக்காது. எரித்தவர்களைத் தண்டிக்கக் குற்றவியல் சட்டம் அன்றும் இருந்தது; அதற்கு 30(2) தேவைப்படவில்லை. மூன்றாண்டு கழித்துத் தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் எதிர்ப்புப் பேரணிக்கு முந்தின இரவே 144 போட்டுத்தான் 2018 மே 22 விடிந்தது. தடை உத்தரவு கூட்டத்தையும் தடுக்கவில்லை, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போன 13 பேர் உயிரையும் காக்கவில்லை.

நடக்காமலேயே ஒரு போராட்டம் ஜெயித்த வேடிக்கையும் ஆம்பூரில் நடந்தது. 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூர் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு அதில் இடமில்லை. தோலும் கறியும் ஒரே மாட்டிலிருந்து வரும் ஊரில் இதைச் சும்மா விடுவார்களா? அரங்குக்கு வெளியே இலவசமாக மாட்டுக்கறி பிரியாணி கொடுப்போம் என்று சில கட்சிகளும் அமைப்புகளும் அறிவித்தன. ஆட்சியர் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார். பாகுபாடு காட்டியது ஏன் என்று எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

அனுமதி யாருக்குக் கிடைக்கிறது என்பது ஆட்சியோடு மாறுகிறது. 2019 டிசம்பர் 23 அன்று குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக தி.மு.க. கூட்டணி சென்னையில் பேரணி நடத்தியது. முந்தின ஞாயிறு இரவே உயர் நீதிமன்றம் அவசரமாகக் கூடி, தடை விதிக்காமல், வீடியோ எடுக்கச் சொன்னது. அனுமதி மறுத்த காவல்துறை 8,000 பேர் மீது வழக்குப் போட்டது. ஆட்சி மாறி 2021-இல் அதே வகை வழக்குகள் 5,570-ஐ அரசு திரும்பப் பெற்றது. வாபஸ் பெற்றது நல்ல காரியம்தான். போடும்போது குற்றம், வாபஸ் வாங்கும்போது குற்றமில்லை என்றால் நடுவில் மாறியது சட்டமா, நாற்காலியா? அன்றைக்கு வழக்கு வாங்கிய கட்சியின் அரசு, 2022-இல் ஆர்.எஸ்.எஸ். ஊர்வலத்துக்கு அனுமதி மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஏப்ரலில் தோற்றது. பிடிக்காதவர்களின் ஊர்வலத்தைக் காக்காத சட்டம் பிடித்தவர்களின் ஊர்வலத்தையும் ஐந்தாண்டுக்கு மேல் காக்காது. மெரினாவில் ஒருநாள் உண்ணாவிரதத்துக்கு விவசாயி அய்யாக்கண்ணுவுக்கு 2018-இல் தனி நீதிபதி தந்த அனுமதியை இரு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்தபோது, எந்த ஆட்சியும் வருத்தப்படவில்லை.

வேறு பல நாடுகளில் அனுமதி அல்ல, அறிவிப்புதான் முறை. ஜெர்மனியில் திறந்தவெளிக் கூட்டத்தை அறிவிப்பதற்கு 48 மணி நேரம் முன்பு தகவல் சொன்னால் போதும். திடீரென்று எழும் கூட்டத்துக்கு அதுவும் கட்டாயமில்லை என்று பிராக்டார்ஃப் வழக்கில் 1985-இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது. பிரிட்டனில் ஊர்வலத்துக்கு ஆறு நாள் அறிவிப்பு வேண்டும், நின்ற இடத்தில் கூடுவதற்கு வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் தகவல் சொல்லாமல் 15 பேருக்கு மேல் கூடினால் ஏற்பாட்டாளர் குற்றவாளி என்ற விதி 2018-இல் செல்லாததாயிற்று. மலேசியக் கதை தமிழருக்கு நெருக்கமானது. 2007 நவம்பர் 25 அன்று இந்து உரிமை நடவடிக்கைக் குழு அழைத்த பேரணிக்குக் காவல்துறை அனுமதி தரவில்லை; கோலாலம்பூர் தெருக்களில் கூடிய தமிழர்கள் மேல் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பாய்ந்தன. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆளுங்கூட்டணி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. 2012-இல் அனுமதிச் சட்டம் போய் அறிவிப்புச் சட்டம் வந்தது. 2025 ஜூலையில், அறிவிக்கத் தவறியதற்குத் தண்டனை என்ற பிரிவையும் கூட்டரசு நீதிமன்றம் நீக்கியது.

இலங்கையில் ஊர்வலத்துக்கு ஆறு மணி நேர அறிவிப்பு போதும் என்கிறது பழைய பொலிஸ் கட்டளைச் சட்டம். 2022 மார்ச் 31 இரவு மிரிஹானவில் ஜனாதிபதி வீட்டு வாசலில் திரண்டவர்கள் அந்த ஆறு மணி நேரத்துக்குக் காத்திருக்கவில்லை. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரம் உட்கார்ந்திருந்ததும் யாருடைய உரிமத்தின் பேரிலும் இல்லை. நல்ல விதி உள்ள இடத்திலும் கேட்கும் காது வேண்டும் என்பது வேறு கதை.

ஆக, வேலூர் வட்டாரத்துக்குப் பொருந்தும் சட்டம் எப்படி இருக்க வேண்டும்? அனுமதி என்ற சொல்லே விண்ணப்பத்திலிருந்து போக வேண்டும். நெடுஞ்சாலையைத் தொடும் ஊர்வலத்துக்கும் ஆயிரக்கணக்கில் ஆள் சேரும் கூட்டத்துக்கும் 48 மணி நேர அறிவிப்பு. தாலுகா அலுவலக ஓரத்தில் நூறு பேர் நின்று கோஷம் போட அதுவும் தேவையில்லை. அறிவிப்புக்குப் பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று பொருள். மாற்று இடமோ நேரமோ சொல்வதென்றால் எழுத்தில், காரணத்தோடு, மேல்முறையீடு செய்ய அவகாசம் மிஞ்சும்படி சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் போகும் ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று போராடுகிறவர்களுக்கும் கடமை வைக்கலாம். ஒழுங்கான சங்கங்கள் இதை ஏற்கெனவே செய்கின்றன. அறிவிக்காமல் கூடியது மட்டுமே எந்த வழக்குக்கும் ஆதாரமாகக் கூடாது. கல் எறிந்தவர் மேல் கல் எறிந்ததற்கு வழக்கு. பக்கத்தில் நின்றவர் மேல் நின்றதற்காக அல்ல.

போராட்டம் காவல்துறையைப் பற்றியதாக இருந்தால், அந்த அறிவிப்பு காவல் நிலையத்துக்குப் போகவே கூடாது. ஆம்பூர்க்காரர் வாணியம்பாடி கோட்டாட்சியரிடம் கொடுக்கட்டும். ஒப்புகைச் சீட்டைக் கோட்டாட்சியர் அலுவலகம் கொடுக்கட்டும். பேச்சுவார்த்தைக்கு வருகிற அதிகாரி சம்பந்தப்பட்ட காவல் உட்கோட்டத்தைச் சேராதவராக இருக்கட்டும். இதற்கு அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. வருவாய்த் துறைக்கும் உள்துறைக்கும் ஓர் அரசாணை போதும்.